லிட்டருக்குப் பதினாறு

கரூர் ஜவுளி முதலாளி தண்டபாணியின் பழைய ஹைப்ரிட் கார் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடியது. அது பதினாறாகக் குறைந்ததும், டிரைவர் இருதயராஜ் பெட்ரோல் திருடுகிறான் என்று அவர் முடிவுகட்டினார்.

"திருடலைன்னு இன்னைக்கே நிரூபி. இல்லேன்னா வேலை கிடையாது."

"சரிங்கய்யா. இன்னைக்கு நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்காந்துக்கறேன்."

ஈரோடு வரைக்கும் ஸ்டியரிங் இடப்பக்கமே இழுத்ததில் தண்டபாணிக்குக் கை வலித்தது. இறங்கும்போது ஸ்டியரிங் முன்னாலிருந்த மைலேஜ் திரை பதினாறு என்றே காட்டியது.

"யார் திருடினதுன்னு நான் கேட்கலீங்க," என்றான் இருதயராஜ். "நீங்க உட்கார்ற இடது பக்கம் குலுங்குதுன்னு அந்த டயருங்கள்ல காத்தைக் குறைக்கச் சொன்னீங்க. அதனாலதான் கார் இழுக்குது, பெட்ரோலும் குடிக்குது."

காற்றடித்தார்கள். திரும்பும்போது இருதயராஜ் ஓட்ட, கார் நேராகப் போனது. திரையில் பத்தொன்பது. பள்ளந்தோறும் குலுங்கிய தண்டபாணி மேல்கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.