வாய் திறந்த செடி

முன்னொரு காலத்தில், பெயர் தெரியாத ஒரு பொருளைப் பார்த்துவிட்டால் சாப்பாடு இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய நந்தவனத்தில் ஒவ்வொரு செடியையும் அவருக்குப் பெயரோடு தெரியும். காலையில் போய், "என்ன செண்பகம், சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் சபைக்கே வருவார்.

மாசி மாதத்தில் ஒருநாள் தடாகத்துப் படிக்கட்டு ஓரம் ஏழெட்டுச் செடிகள் முழங்கால் உயரம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தார். நீள நீளமான இலைகள், மெல்லிய ரோமம் படர்ந்த தண்டு. அவருக்குப் பெயர் தெரியவில்லை. நந்தவனத்தைப் பார்த்துக்கொள்ளும் செம்பாயிக்கும் தெரியவில்லை. அவள் பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்தவள். பூச்செடியும் வேலிச்செடியும் அறிவாளே தவிர, வயலில் விளையும் பயிர்களை அறியாள்.

ராஜா அங்கேயே சபையைக் கூட்டிவிட்டார்.

அரண்மனை வைத்தியர் நீலகண்டப் பண்டிதர் முன்னால் வந்தார். அவருக்கும் அது என்ன செடி என்று தெரியாது. ஆனால் தெரியாது என்ற சொல் அவர் வாயில் அதுவரை வந்ததில்லை.

"அரசே, இது மகாகோரவல்லி! கொடிய விஷம். தங்களைக் கொல்ல யாரோ திட்டமிட்டு நட்டிருக்கிறார்கள். தோட்டக்காரிக்குத் தெரியாமல் இங்கே ஒரு புல் முளைக்குமா? நட்டவர் கையாலேயே இதைத் தின்ன வைக்க வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும். நட்டவர் தின்ன வேண்டும்!" என்றார் ராஜா, படபடப்பில்.

செம்பாயி ராஜாவை நோக்கிக் கைகூப்பினாள்.

கூட்டத்தின் பின்னால் நின்ற அரண்மனை விகடகவி பூவராகன் எட்டிப் பார்த்தான். அவன் மழையை நம்பிப் பயிர் வைக்கும் ஓர் ஊரில் பிறந்தவன். பார்த்ததுமே அவனுக்கு அது இன்னதென்று தெரிந்துவிட்டது. சொல்லிவிடலாம். ஆனால் பண்டிதர் இல்லை என்பார். பட்டுச் சால்வை போர்த்தியவர் பேச்சா, கோமாளி பேச்சா, எது எடுபடும்? அதனால் வேறு வழியில் வந்தான்.

"பண்டிதரே, வல்லி என்றால் கொடியல்லவா? இது சிப்பாய் மாதிரி விறைத்து நிற்கிறதே!"

சிரிப்பு எழுந்தது. பண்டிதர் முகம் சிவந்தது. "அப்படியானால் பெயரை நீ சொல்!"

"நான் சொன்னால் தாங்கள் மறுப்பீர்கள். தாங்கள் சொன்னால் நான் மறுப்பேன். செடியையே கேட்டுவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும்."

பண்டிதர் இதைத்தான் எதிர்பார்த்தவர்போலப் பிடித்துக்கொண்டார். "கேட்டீர்களா அரசே! செடியே சபையில் வாய் திறந்து தன் பெயரைச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணோடு இவனும் தின்னட்டும்."

ராஜாவுக்கு ஆவல் வந்துவிட்டது. "சம்மதமா, பூவராகா?"

"சம்மதம், அரசே. ஆனால் செடி இன்னும் பச்சைக் குழந்தை. பேச்சு வர இரண்டு மாதமாவது ஆகும்."

தவணை கிடைத்தது. பூவராகன் தினமும் செடிக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். போகிறவர் வருகிறவர் சிரித்தார்கள். செம்பாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நெசமா இது பேசுமா சாமி? எனக்கு ராத்திரியில தூக்கமே வரலையே."

"பேசும் தாயி. நீ தண்ணியை மட்டும் அளவா ஊத்து. மிச்சத்தை அது பாத்துக்கும்."

பூ வந்தது, வெளிறிய குழல் மாதிரிப் பூ. பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. செடியே இல்லாமல் போனால் பேச்சுக்கு இடமேது என்று, தம் பசுவை நந்தவனத்துக்குள் அவிழ்த்து விட்டார். பசு அந்தச் செடியை முகர்ந்து பார்த்தது, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது, பக்கத்திலிருந்த செவ்வந்தியைப் பாத்தியோடு மேய்ந்துவிட்டுப் போனது.

பண்டிதர் அதையும் விடவில்லை. "பசுவே தொடவில்லை அரசே! விஷம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?"

ராஜா பயந்துபோய்ச் செடியைச் சுற்றித் திரை கட்டச் சொன்னார். அன்றைக்கு மட்டும் பூவராகனுக்கும் கவலை வந்தது. தவணைக்கு முன்பே ராஜாவின் பொறுமை தீர்ந்துவிட்டால்?

தீரவில்லை. சித்திரை வெயிலில் இலை உதிர்ந்தது, காய் காய்ந்தது. தவணை நாளன்று பூவராகன் ஒரு செடியை வேரோடு எடுத்து, ஆடாமல் அசையாமல் நிமிர்த்திப் பிடித்தபடி சபைக்கு வந்தான்.

"அரசே, ஒவ்வொரு காயின் நுனியையும் பாருங்கள். வாய் திறந்திருக்கிறதா?"

ராஜா குனிந்து பார்த்தார். காய்களெல்லாம் நுனியில் வெடித்து, குருவிக்குஞ்சு மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்தன. "ஆமாம், திறந்திருக்கிறது! பெயர்?"

"தங்கள் கையை நீட்டுங்கள்."

நீட்டிய கையில் பூவராகன் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பொலபொலவென்று கறுப்பாக உதிர்ந்தது.

"எள்!" என்றார் ராஜா.

"எள்ளு!" என்று வாசல் காவலன்வரை அத்தனை பேரும் கத்தினார்கள்.

"செடி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது" என்றான் பூவராகன்.

பண்டிதர் துள்ளி எழுந்தார். "எள்ளாகவே இருக்கட்டும்! உத்தரவில்லாமல் நட்டது குற்றமில்லையா?"

அப்போது செம்பாயி எழுந்து வந்து கும்பிட்டாள். எள் என்று கேட்டதுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நான் நடலைங்க மகாராசா. தை அமாவாசையன்னிக்கு நீங்கதானே அந்தப் படியில உக்காந்து பெரிய ராசாவுக்கு எள்ளும் தண்ணியும் எறச்சீங்க. தண்ணி ஓடின எடத்துலதான் மொளச்சிருக்கு."

நட்டவர் தின்ன வேண்டும் என்பது ராஜ கட்டளை, நட்டவரோ ராஜா.

ராஜா உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவுக்குக் கொடுத்தது" என்றார் மெல்ல.

"ஒன்றுக்கு நூறாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார், அரசே" என்றான் பூவராகன்.

ராஜா அந்த எள்ளை அப்படியே வாயில் போட்டு மென்றார். மென்றபடி சொன்னார்: "கட்டளை நிறைவேறியது. கொஞ்சம் வெல்லமும் விதித்திருக்கலாம்!" சபை அதிரச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைப் பூவராகனுக்குப் போட்டார். தடாகத்துக் கரையைச் செம்பாயி விரும்பியதைப் பயிரிட்டுக்கொள்ள விட்டுக்கொடுத்தார். பண்டிதர் மட்டும் தினமும் செம்பாயியிடம் போய்ச் செடிகளின் பெயரைக் கற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

மறுநாள் பண்டிதர் ஏடும் எழுத்தாணியுமாக வந்து, வேலியோரம் நின்ற ஒரு செடியைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"இதுங்களா? மகாராசா இருமலுக்கு மூணு வருசமா நீங்க கசாயம் வச்சுக் கொடுக்கிற ஆடாதொடைங்க" என்றாள் செம்பாயி.

செண்பகத்தை நலம் விசாரிக்க வந்திருந்த ராஜாவுக்கு அது காதில் விழுந்தது. அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டதாம்.