பன்னிரண்டு கோழிகளில் ஒருத்தி

மலைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அத்தனை மலைகளுக்கும் நடுவில் ஏழ்குன்றம் என்று ஒரு நாடு இருந்தது. பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சிரிப்புக் கதை இல்லை.

அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கோழி. கோழிக்குக் கோழி நோய். கொண்டை வெளுக்கும், இறகு உதிரும், முட்டை நின்றுபோகும். ஒரு காலையில் கூண்டுக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். கோழி செத்தால் யார் குற்றம்? அந்த வீட்டுப் பெண்ணின் தோஷம் என்று மந்திரவாதி செங்கன்னன் சொல்லியிருந்தான். அவளுக்கு மொட்டை அடிப்பார்கள். அந்தத் தலையோடு அவள் மூன்று நாள் அரண்மனை வாசலில் நிற்க வேண்டும். ராஜா இதற்குத் தலையாட்டியிருந்தார். ராஜா எதற்கும் தலையாட்டுகிறவர்தான்.

செங்கன்னனுக்கு வயது முந்நூறு. நாட்டுக் கோழிகளின் கொண்டையெல்லாம் வெளுத்துக் கிடக்க, அவன் கன்னம் மட்டும் பளபளவென்று சிவந்திருக்கும்.

அந்த நாட்டின் கடைசித் தெருவில் நங்கை, பூவாயி என்று அக்காளும் தங்கையும் இருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை. பதினோரு கோழிகள் இருந்தன. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பேச்சியை மொட்டையடிக்க இழுத்துக்கொண்டு போனார்கள். நங்கை பின்னாலேயே சபைக்குப் போனாள். பூவாயி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

"மகாராஜா, பேச்சியக்கா வீட்டில் செத்தது சேவல். சேவல் செத்தாலும் பெண்தான் குற்றவாளியா?" என்று நங்கை கேட்டாள்.

சபை சிரித்தது. செங்கன்னன் சிரிக்கவில்லை. "பேசத் தெரிந்த வாய்" என்றான்.

"கேட்கத் தெரிந்த வாய், ஐயா. மேலத்தெருவில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருக்கிறார்கள். வீட்டில் பெண்ணே கிடையாது. அங்கேயும் கோழி சாகிறது. அது யார் தோஷம்?"

"செத்துப்போன தாயாருடைய தோஷம்."

"அந்தம்மா செத்து இருபது வருஷம் ஆயிற்றே."

"தோஷத்துக்கு வயது கிடையாது."

"உங்களுக்கும்தான் கிடையாது" என்றாள் நங்கை.

அவ்வளவுதான். செங்கன்னன் கையை ஒரு சுற்றுச் சுற்றினான். பூவாயியின் கையில் முந்தானை இல்லை, ஒரு வெள்ளை இறகு இருந்தது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். கூண்டில் பன்னிரண்டு கோழிகள். செவலையும் கறுப்பும் புள்ளியுமாக இருந்தவை எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு. செங்கன்னன் வேலியோரம் நின்றிருந்தான்.

"இதில் ஒன்று உன் அக்கா. எதுவென்று சொல்ல மாட்டேன். அவள் ஒரு முட்டையிட்டால் மறுபடியும் மனுஷி. அதற்குள் செத்தால் செத்தவள்தான்." போகிறபோது திரும்பினான். "இந்த நாட்டில் முட்டையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, பூவாயி?"

பன்னிரண்டில் எது அக்கா என்று பூவாயி யோசித்தாள். விடாமல் கத்துகிற கோழி ஒன்று இருந்தது. தீவனம் வைத்தாலும் கத்தும், வைக்காவிட்டாலும் கத்தும். இதுதான் அக்கா என்று முடிவுகட்டி, அதற்கு வாயாடி என்று பெயரும் வைத்தாள். ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலை ஒப்பவில்லை.

அந்த மாதத்தில் மூன்று கோழிகள் செத்தன. போனது கோழியா, அக்காவா, தெரியவில்லை. தெரியாததால் ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, வாய்க்கரிசி போட்டுப் புதைத்தாள். தெரு சிரித்தது. அவள் தலையை மழித்தார்கள். வாசலில் மூன்று நாள் நின்றாள்.

திரும்பி வந்த அன்று ஒரு கோழியை மடியில் போட்டு இறகை விலக்கிப் பார்த்தாள். அதுவரை அந்த நாட்டில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. தோஷம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது? வாலுக்கடியில் வைக்கோல் நிறத்தில் பேன்கள் ஓடின. இறகின் அடியில் நொய்யரிசி ஒட்டியது போல ஈறு கொத்துக் கொத்தாக இருந்தது.

"தோஷத்துக்கு ஆறு கால் இருக்கிறதே" என்றாள் பூவாயி.

குழி வெட்டினாள். அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொட்டினாள். வேப்பிலையைக் காயவைத்துப் பொடித்துக் கலந்தாள். கோழிகள் இறங்கிப் புரண்டு புரண்டு குளித்தன. தானாகக் குளிக்காததை அவள் பிடித்து, சிறகுக்கு உள்ளேயும் வாலுக்குக் கீழேயும் தடவிவிட்டாள். ஆறு நாள் நன்றாகப் போயிற்று. ஏழாம் நாள் இறகை விலக்கினால் அதே ஓட்டம். மறுபடியும் மூன்று செத்தன. போனது கோழியா, அக்காவா, தெரியவில்லை.

நாவிதர் கத்தியை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார். "இன்னும் முளைக்கவே இல்லையே, தாயி. எதை மழிக்க?"

"மழித்ததாகச் சொல்லிவிடுங்கள், மாமா. கேட்டால் ராஜா தலையாட்டுவார்."

வாசலில் நின்ற மூன்று நாளும் பூவாயி யோசித்தாள். செத்தது பேன், ஈறு சாகவில்லை. ஈறு பொரித்து வரும்போது நாம் மறுபடியும் அங்கே இருக்க வேண்டும். வந்ததும் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை, பதினாலாம் நாள் ஒருமுறை என்று சாம்பலும் வேப்பம்பொடியும் போட்டாள். மூன்றாம் முறைக்குப் பிறகு ஒரு பேன் இல்லை.

பேன் போயும் கொண்டை சிவக்கவில்லை. பொழுது சாய்ந்தால் கோழிகள் கூண்டுக்குள் போக மறுத்தன. பூவாயி பிடித்துப் பிடித்து உள்ளே தள்ளினாள். தள்ளிய கை அவளுடையது என்பதைப் பிற்காலத்தில் அவள் மறக்கவே இல்லை. இன்னும் மூன்று செத்தன. போனது கோழியா, அக்காவா, தெரியவில்லை. வேலியோரம் ஒன்பது மண்மேடுகள் ஆயின.

மிச்சம் மூன்று. பயத்தில் அவள் வாயாடியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து தன் பாய் ஓரத்தில் படுக்கவைத்தாள். ஒரு வாரத்தில் வாயாடியின் கொண்டையில் ரத்தம் ஏறியது. கூண்டில் இருந்த இரண்டும் இன்னும் வெளுத்தன.

அதே தண்ணீர், அதே கம்புத் தீவனம், அதே வீட்டுப் பெண். தோஷம் என்னுடையது என்றால் என் பாய் ஓரத்தில் படுத்தது அல்லவா முதலில் சாகவேண்டும்? படுக்கிற இடம் மட்டும்தான் வேறு. அப்படியானால் வியாதி கூண்டில் இருக்கிறது.

மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் விட்டாள். பிறகு கூண்டுக்குள் தலையை நுழைத்தாள். தினமும் பெருக்கிய கூண்டுதான், ஒரு தூசி இல்லை. பெருக்காதது ஒன்றே ஒன்று. கோழிகள் ஏறித் தூங்க செங்கன்னன் வீட்டுக்கு வீடு கொடுத்திருந்த காப்புக் கொம்பு. மஞ்சள் துணி சுற்றிய அந்தக் கட்டையில் பெண் கை படக்கூடாது என்பது சட்டம். ஆண்கள் கழுவலாமே என்கிறீர்களா? தாராளமாகக் கழுவலாம். சட்டம் தடுக்கவில்லை. கூண்டு கழுவுவது பெண்கள் வேலை என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். முந்நூறு வருஷமாக அந்தக் கொம்பைக் கழுவ நாட்டில் ஆளே இல்லை.

பூவாயி கையை நீட்டினாள். தொட்டாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிச்சை அவிழ்த்தாள்.

துணி மடிப்பில், கட்டை வெடிப்பில், குவியல் குவியலாகச் செள்ளுப் பூச்சி. கசகசா அளவுதான் ஒவ்வொன்றும். நகத்தால் நசுக்கினால் ரத்தம் தெறித்தது.

"யார் எங்கள் வீட்டைப் பிரிக்கிறது?" என்று கொழுத்த செள்ளு ஒன்று கேட்டது.

"இது என் கூண்டு."

"மந்திரவாதி ஐயா கொடுத்த இடம். பகலில் துணிக்குள் தூக்கம், இருட்டினால் கோழிமேல் சாப்பாடு. பத்துச் சொட்டுக் குடித்தால் ஒன்பதை இந்தக் கொம்பு உறிஞ்சிக்கொள்ளும். காலையில் அது அவர் கன்னத்தில் இருக்கும். ஒரு சொட்டுதான் எங்களுக்கு. எங்கள் பாடும் பெரிய பாடுதான்."

"அப்படியானால் பெண் தோஷம் என்றார்களே?"

செள்ளு யோசித்தது. "அது என்ன? குடிக்கிற பொருளா?"

பூவாயி கொம்பைத் துணியோடு தூக்கி அடுப்பில் வைத்தாள். சடசடவென்று வெடித்தது. கூண்டு முழுக்கக் கொதிநீர் ஊற்றினாள், வெயிலில் காயவிட்டாள், சந்து பொந்தெல்லாம் வேப்பெண்ணெய் தடவினாள். ஏழாம் நாள் ஒருமுறை, பதினாலாம் நாள் ஒருமுறை. புதுக் கழி ஒன்று வைத்தாள், துணி சுற்றாமல்.

மூன்று கொண்டைகளும் சிவந்தன. முதலில் வாயாடி முட்டையிட்டது. பூவாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வாயாடி எழுந்து, ஊருக்கெல்லாம் கேட்கக் கொக்கரித்துவிட்டு, புழு கொத்தப் போனது. அது வெறும் கோழி. மறுநாள் இரண்டாவது கோழி முட்டையிட்டது. அதுவும் வெறும் கோழி.

மூன்றாவது, மூலையில் முடங்கிக் கிடந்த கோழி. கழுத்தில் இறகே இல்லை. வந்த நாளிலிருந்து ஒரு சத்தம் போட்டதில்லை. பூவாயி அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. வேலியோரத்து மேடுகளைப் பார்த்தபடி அவள் அதன் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் அது அசைந்தது. வைக்கோலில் ஒரு சின்ன முட்டை, மேலே ரத்தக் கீற்று. அதன் பக்கத்தில் நங்கை குந்தியிருந்தாள், கழுத்தெல்லாம் தழும்போடு.

"அக்கா, நீ ஏன் ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை?"

நங்கைக்குக் குரல் வர நேரமாயிற்று. "வாயைத்தானே முதலில் எடுத்தான், பூவு."

அவள் எழுந்து மேடுகளிடம் போனாள். ஒவ்வொன்றிலும் கை வைத்து, "இவள் எனக்கு ஒதுங்கி இடம் விட்டவள். இவள் என்னைக் கொத்தினவள். இவள் குளிரில் சிறகை என்மேல் போட்டவள்" என்றாள். மிச்ச மேடுகளில் கையை மட்டும் வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி தெருத் தெருவாகப் போயிற்று. பேச்சி தன் கொம்பை அடுப்பில் வைத்தாள். அப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. அரண்மனையில் செங்கன்னனின் கன்னம் வெளுத்தது, தோல் சுருங்கியது, முந்நூறு வயதும் ஒரே மூச்சில் வந்து உட்கார்ந்தது. ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிடி காய்ந்த இறகாகிப் பறந்துபோனான்.

ராஜா சகோதரிகளை அழைத்தார். "நடந்தது நடந்துவிட்டது. என்ன வேண்டும்? நிலமா, பொன்னா, பட்டா?"

"ஒரு வாக்கியம்" என்றாள் பூவாயி. "குற்றம் பெண்களுடையது அல்ல, தலையாட்டியது நான். இதை நீங்கள் சொல்ல வேண்டும்."

ராஜா தாடியைத் தடவினார். மெதுவாகச் சொன்னார்.

"வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை, மகாராஜா."

படியில் இறங்கி நின்று சொன்னார்.

"இன்னும் கேட்கவில்லை."

மூன்றாம் முறை வாசலுக்கே வந்து, மொட்டைத் தலைகளுக்கு நடுவில் நின்று, தொண்டை கட்டச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. ஓரத்தில் நின்ற கிழவி ஒருத்தி தன் தலையைத் தடவிக்கொண்டாள்.

"எங்கம்மாவும் இதே இடத்தில்தான் நின்றாள். அவள் இருக்கும்போது இதை யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய் அவரவர் கூண்டைத் திறந்தார்கள். உயிரோடு இருந்த கோழிகள் வெளியே வந்தன. கதை இவ்வளவுதான்.