மதுமிதாவின் நடுக்கம்

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அங்கே எல்லோரும் மாதாஜி என்று அழைக்கும் துறவி ஒருவர் இருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்த சிதம்பரநாதன் அவருடைய சீடர்.

ஞாயிறுதோறும் கோமதி என்ற பெண் அங்கே சமையலுக்கு உதவ வருவாள். பிளஸ் ஒன் படிக்கும் மகள் மதுமிதாவும் கூடவே வருவாள். அவள் சிரித்தால் சமையற்கட்டே சிரிக்கும்.

சில மாதங்களாக அந்தச் சிரிப்பைக் காணோம். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டாள். போன் அடித்தால் பதறி எடுத்தாள். தான் இருக்கும் இடத்தைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினாள்.

"என்னன்னு அவகிட்ட கேளுங்களேன், மாதாஜி" என்றார் சிதம்பரநாதன்.

மாதாஜி கேட்கவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே.

அன்றைக்கு மதுமிதாவே வாய் திறந்தாள்.

"பிரியமா இருக்கிறவங்க கோவத்துல அடிக்கலாமா, மாதாஜி?"

"யாரு அடிச்சா?"

"ரோஷன். எங்க ஸ்கூல்தான், பிளஸ் டூ. நாங்க லவ் பண்றோம். வேற பையன்கிட்ட பேசினேன்னு அடிச்சான். அப்புறம் அவனே அழுதான். என்னாலதான் கை நீட்டினானாம்."

"நீ என்ன நினைக்கிற?"

"தப்பு எம்மேலதான்னு தோணுது. சாப்பாடு இறங்கல. தூக்கம் வரல. உசிரோட இருக்கணுமான்னுகூட ஒரு நாள் நினைச்சேன்."

மாதாஜி எழுந்தார். மடாதிபதிகள் வந்தபோதும் எழாதவர், அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினார். விறகோடு உள்ளே வந்த சிதம்பரநாதன் அப்படியே நின்றுவிட்டார்.

"இதை வெளிய சொல்ல எவ்வளவு பலம் வேணும்! தப்பு உன் மேல இல்ல, தாயி. அம்மாகிட்ட சொல்லுவோமா? நான் கூட இருக்கேன்."

அம்மா திட்டப்போகிறாள் என்றுதான் மதுமிதா பயந்தாள். கோமதி திட்டவில்லை. மகளின் சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றிப் பார்த்தாள். கன்றிப்போன இடத்தில் முகத்தை வைத்து அழுதாள். மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள். பள்ளியிலும் சொன்னாள். மதுமிதா கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிறு காலை ரோஷன் ஆசிரமத்து வாசலுக்கே வந்துவிட்டான்.

"மது! ஒரே ஒரு நிமிஷம் வா!"

விரட்டுவதற்காகச் சிதம்பரநாதன் எழுந்தார்.

"வேண்டாம் சார். நானே சொல்லிடுறேன்" என்றாள் மதுமிதா.

மாதாஜியும் கோமதியும் அவளுக்கு இரு பக்கமும் நடந்தார்கள். சிதம்பரநாதன் பின்னால் போனார். கேட் பாதி திறந்திருந்தது.

"உன்னப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு, ரோஷன். இனிமே வராத."

"நீ வரலன்னா நான் செத்துருவேன்."

முன்பெல்லாம் இந்த வார்த்தையைக் கேட்டதும் அவனிடம் ஓடியவள் அவள். கை வெடவெடவென்று நடுங்கியது.

"அப்படிச் சொல்ற உன்னத் தனியா விடக்கூடாது. உங்க அண்ணனுக்கு இப்பவே போன் பண்ணச் சொல்றேன். அவர் உன்னப் பார்த்துக்குவார். நான் வரமாட்டேன்."

கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

ரோஷன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். சிதம்பரநாதன் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போய், அண்ணன் வந்து கூட்டிப்போகும்வரை அவனுடனேயே இருந்தார்.

சாயங்காலம் அவர் குருவிடம் வந்தார்.

"மாதாஜி, அந்தப் பொண்ணுகிட்ட பலம் இருக்குன்னு கும்பிட்டீங்க. இன்னைக்கும் அவ கை அப்படி நடுங்குச்சே. பயம் போகவே இல்லையே?"

"நடுங்கினதைப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்தேன்."

"அந்தக் கைதானப்பா கேட்டைச் சாத்துச்சு."