குளிரில் பிரிந்தவை

ணங், ணங் என்று ஐஸ் பாளம் உடைபடும் சத்தம். முப்பது வருஷத்துக்கு முன்னால், சென்னையில் அந்த ஆய்வுக்கூடத்தின் காலை அப்படித்தான் தொடங்கும். பாளத்தைச் சாக்கில் சுற்றி, மரச்சுத்தியலால் உலகம்மையே உடைப்பாள். புரதம் கெடாமல் இருக்க ஐஸில் வை. அங்கே வருகிற எவருக்கும் முதல் பாடம் அது.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. முந்தின வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஏழு வயது மகள் செண்பகத்தைத் தென்காசியில் மாமியாரிடம் விட்டுவிட்டு, உதவித்தொகையை நம்பி ஆராய்ச்சிக்கு வந்திருந்தாள். குரு அருளப்பன் அவளைவிட நாலு வயது இளையவர். அவள் அவரை ‘சார்’ என்பாள். அவர் அவளை ‘அக்கா’ என்பார்.

கோழி ஈரலிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்திருந்தாள். நாலு துண்டுகள் சேர்ந்த புரதம் அது. நாலும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். தனியாக ஒரு துண்டாலும் பயனில்லை. மாலையில் நன்றாக இருந்தது காலையில் நாலும் பிரிந்து செத்துக் கிடக்கும். மூன்று மாதமாக இதே கதை.

“பாத்துப் பாத்துத்தான் சார் வச்சேன். ஞாயித்துக்கிழமைகூட வந்து ஐஸ் மாத்தினேன். ஏன் பிரியுது?”

“பெத்த புள்ளையைப் பாக்குற மாதிரி பாத்திருக்கீங்க.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“ஊருக்குப் போன் பண்ணினீங்களா அக்கா?”

“பண்ணினேன். முன்னெல்லாம் போனை வைக்க விடாம அழுவா. இப்ப அழுறதில்ல. ‘சாப்பிட்டேன், படிச்சேன், வச்சிரட்டா?’ன்னு கேக்கா.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “அங்க அவளுக்கு ஒரு குறையும் இல்ல சார். அங்கதான் பத்திரம்.”

அருளப்பன் ஐஸ் பெட்டியிலிருந்து நொதி இருந்த சின்னக் குழாயை எடுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஐயோ சார், கெட்டுப்போயிரும்!”

“இனிமே கெட என்ன இருக்கு?”

அரைமணி நேரம் கையைத் திறக்கவில்லை.

“இந்த நாலும் கட்டிப் பிடிச்சுக்கிட்டா நிக்குதுன்னு நினைக்கிறீங்க? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் எண்ணெய் மாதிரி. தண்ணிக்கு ஆகாது. அந்தப் பக்கத்தை மறைக்கத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒண்டிக்குது. சுத்தியிருக்கிற தண்ணிதான் நெருக்கி வச்சிருக்கு. குளிர்ல அந்த நெருக்கல் தளர்ந்துரும்.”

“அப்போ ஐஸ்ல வச்சதாலதானா?”

“எல்லாப் புரதமும் அப்படியில்ல. இது அப்படி.”

குழாயை அவளிடம் நீட்டினார். அவள் ஒரு சொட்டு எடுத்து, நொதியின் வேலையை அளக்கும் கருவியில் விட்டாள். காலையில் அசையாமல் கிடந்த முள் மெல்ல எழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முள் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது.

“பாதிதான் சார்.”

“ஆமா.”

“இன்னும் கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தா?”

“கொஞ்ச நேரம்தான் குளிர்ல இருந்திருந்தா முழுசும் வந்திருக்கும். ரொம்ப நாள் தனியாக் கிடந்தா ஒவ்வொண்ணும் வடிவம் மாறிடும் அக்கா. அப்புறம் பக்கத்துல கொண்டுபோய் வச்சாலும் பொருந்தாது.”

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வருஷம் ஆகப்போகுது சார்.”

குழாய்க்கு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

“எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியாது அக்கா. வெளிய எடுத்தாத்தான் தெரியும்.”

அந்த வைகாசியில் உலகம்மை விடுதியைக் காலி செய்து, வாடகைக்கு ஓர் அறை பிடித்து, செண்பகத்தைச் சென்னைக்குக் கூட்டிவந்தாள். இருவரும் பதினொரு வருஷம் அந்த அறையில் இருந்தார்கள். செண்பகம் இப்போது கோவையில் வேலை பார்க்கிறாள். அப்பாவைப் பெற்ற ஆச்சி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் லீவு கிடைத்தால் அவள் தென்காசிக்குத்தான் கிளம்புகிறாள், அம்மாவிடம் போனில் ‘வீட்டுக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டு.