மேலேயும் கீழேயும் இருந்த மணிவிழா

பெருந்துறை பைபாஸ் ஓரம் சுடர் டிஜிட்டல்ஸ் என்று ஒரு பிளெக்ஸ் பேனர் கடை இருந்தது. அங்கே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரும் சொல் தட்டாத பிள்ளைகள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள்; அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட யோசிக்க மாட்டார்கள். முதலாளி தங்கமுத்து இதை ஒரு நல்ல குணம் என்று நினைத்திருந்தார், பாவம்.

மூவரில் மூத்தவர் மகுடபதி. முதலாளி காங்கேயத்தில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு மேனேஜர் ஆகிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. முதலாளியும் ஆசை காட்டியிருந்தார். "சாயங்காலம் எங்க மாமனாரு நல்லசிவத்துக்கு மணிவிழா. நான் இல்லாம பேனரை அடிச்சு, டெம்போக்காரங்ககிட்டக் குடுத்து மேடைல கட்ட வெச்சுக் காட்டுங்க. அப்புறம் காங்கேயம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஈரோட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார். மகுடபதி அப்போதே மேனேஜர் மாதிரி செருமிப் பார்த்துக்கொண்டார்.

டிசைன் இருந்தது மேல்மாடியில், முதலாளி அறையிலிருந்த சர்வரில். பிரின்ட் மிஷின் கீழே. கீழே உள்ள கம்ப்யூட்டரில் வழக்கமான விண்டோஸ்தான். ஆனால் அதற்குள் லினக்ஸ் மாதிரி நடந்துகொள்ளும் கறுப்பு ஜன்னல் ஒன்றை நெப்போலியன் என்ற இன்ஜினியர் புதிதாக வைத்துவிட்டுக் கோயம்புத்தூர் போயிருந்தான். முன்பெல்லாம் மவுஸைத் தட்டினால் திறந்த மேல்மாடி ஃபோல்டர், இனிமேல் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திறக்கும். மகுடபதி அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணா, விண்டோஸ்ல இசட் டிரைவ்னு இருக்குதில்ல, அது கறுப்பு ஜன்னலுக்குத் தெரியாது. ரெண்டு சாய்கோடு போட்டு சர்வர் பேரு, இன்னொரு சாய்கோடு, ஃபோல்டர் பேரு. கோடு வலது பக்கம் சாயணும். அப்புறம் பாஸ்வேர்டு கேக்கும், பழையதுதான். அடிக்கும்போது ஒண்ணுமே தெரியாது, பயப்படாம அடிச்சுட்டே இருங்க. தொறந்ததும் டிசைன் பேரை அடிச்சு, என்ன வருதோ அதைப் பிரின்டுக்கு அனுப்பிருங்க. ஒரே ஃபைல் ரெண்டு இடத்துல கெடந்தா ஒண்ணை அழிச்சுருங்க, சர்வர்ல இடமில்லை."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நெப்போலியன் போனை அணைத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டான். இன்ஜினியர்கள் அப்படித்தான் பாடம் நடத்துவார்கள்.

"வலதுன்னா யாருக்கு வலதுங்ணா?" என்று இரண்டாமவன் அப்பாத்துரை ஆரம்பித்தான்.

"நமக்குத்தான்."

"அதெப்படிங்ணா? கம்ப்யூட்டர் நமக்கு எதுக்கால உக்காந்திருக்குது. படிக்கப்போறதும் அது. அதுக்கு வலது நமக்கு இடது."

சரிதான் என்று இடது பக்கம் சாய்ந்த கோடுகளைப் போட்டார்கள். அப்படி ஒரு இடமே இல்லை என்று ஜன்னல் கையை விரித்தது. மூன்றாமவன் சென்னியப்பன் நெடுநேரம் யோசித்து ஒரு வழி சொன்னான். மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் அதுவும் நாமும் ஒரே திசையைப் பார்ப்போம், இரண்டு பேருக்கும் வலது ஒன்றாகிவிடும். திருப்பினார்கள். மானிட்டரின் முதுகைப் பார்த்தபடியே தட்டினார்கள். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தது. மகுடபதி மனதுக்குள் சென்னியப்பனைக் காங்கேயத்துக்கு அசிஸ்டென்ட் மேனேஜராகப் போட்டுவிட்டார்.

பாஸ்வேர்டை அடிக்கும் பொறுப்பும் அவனுக்கே வந்தது.

"ஒண்ணும் தெரியலீங்ணா."

"தெரியாதுன்னுதான் சொன்னாப்ல. அடிச்சுட்டே இரு."

அடித்தான். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி அடித்தான். சாப்பாட்டு வேளையில் அப்பாத்துரை தயிர்சாதத்தை உருட்டி வாயில் வைக்க, மென்றுகொண்டே அடித்தான். எப்போது நிறுத்துவது என்று கேட்டதற்கு, நிறுத்தச் சொல்லவில்லையே என்றார் மகுடபதி. சாதம் உள்ளே போனதும் தூக்கம் சொக்கி, அவன் கை என்டர் பட்டனில் விழுந்தது. தப்பு என்று சொல்லிவிட்டு ஜன்னல் மறுபடி கேட்டது. இந்தத் தடவை ஒரே ஒருமுறை அடித்து முடித்ததும் தலையே என்டர் மேல் சாய்ந்தது. கதவு திறந்துவிட்டது.

ஃபோல்டரைப் பார்த்த சந்தோஷம் மகுடபதிக்கு நிலைக்கவில்லை. மேலே இருந்தது கீழே வந்துவிட்டதென்றால் மேலே காலியாகியிருக்குமே. முதலாளி சொத்தாயிற்றே. அப்பாத்துரையை மாடிக்கு விரட்டினார்.

"நல்லசிவம் மணிவிழா இங்கதான் இருக்குதுங்ணா" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இங்கயும் இருக்குதே" என்றான் சென்னியப்பன்.

இருப்பது ஒரே ஃபைல்தான், இரண்டு இடத்திலிருந்து பார்க்கிறோம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொன்னது ஒன்றுதான்: இரண்டு இடத்தில் கிடந்தால் ஒன்றை அழி. எதை அழிப்பது என்பதில்தான் விவாதம்.

"மேல இருக்கறது முதலாளி ரூம்ல இருக்குது. அதுல கை வெச்சா உப்பிட்டவருக்குத் துரோகம். நம்மளுதை அழிச்சுக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார் மகுடபதி. விசுவாசத்தோடு அழித்தார்கள். "மேல பத்திரமா இருக்குதாடா?"

அப்பாத்துரை மாடிப்படியில் எட்டிப் பார்த்தான். "இதுவும் போயிருச்சுங்ணா."

"நீ தொட்டயா?"

"கையைக் கட்டிட்டுத்தான் நின்னேன்."

"ரெட்டைப் பிள்ளைகளா இருக்கும்" என்றான் சென்னியப்பன். "எங்க பெரியம்மா ஊட்ல ஒண்ணுக்குக் காச்சல்னா இன்னொண்ணுக்கும் அடிக்கும்."

விளக்கம் எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது. அதற்குள் பேனர் ஏற்றிப்போகும் டெம்போ வாசலில் ஹாரன் அடித்தது. காங்கேயம் கை நழுவிப் போகிறதே என்று மகுடபதிக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்த அப்பாத்துரை தேற்றினான். "ஏனுங்ணா கலங்கறீங்க? பேரை அடிச்சு என்ன வருதோ அதை அனுப்பச் சொன்னாப்ல. நல்லது வரணும்னு சொன்னாப்லயா?"

அடித்தார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், கொட்டை இங்கிலீஷில் ஒரே வரி வந்தது: நல்லசிவம் மணிவிழா, அப்படி எதுவும் இல்லை. பேனர் கடையில் பிழை பார்ப்பது என்றால் பெயர் சரியா, அளவு சரியா என்று பார்ப்பதுதான். பெயரில் பிழையில்லை. இருபதடி அகலம், அதிலும் குறையில்லை. சுருட்டி டெம்போவில் ஏற்றினார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முதலாளியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அதன் பின்னாலேயே போனும் வந்தது.

"யோவ் மகுடபதி, எங்க மாமனாரு மாலையோட மேடைல உக்காந்திருக்காரு. அவரு தலைக்கு மேல அவரே இல்லைன்னு எழுதித் தொங்குது. எம் பொண்டாட்டி எங்கிட்டப் பேசமாட்டேங்கறா. போட்டோவைப் பாத்தியா? அஞ்சு நிமிஷத்துல அந்தப் பேனர் இங்க இருக்கக் கூடாது. இருந்துச்சு, காங்கேயத்தை மறந்துரு."

ஐந்து நிமிஷத்தில் ஈரோடு போக முடியாது. மூவரும் கூடி நின்று யோசித்தார்கள். பேனர் மண்டபத்திலும் இருந்தது. இதோ, போனிலும் இருந்தது. மகுடபதியின் முகம் தெளிந்தது. போட்டோவை அழித்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டார்.

"எடுத்தாச்சுங்க முதலாளி. நிமிந்து பாருங்க, அங்கயும் போயிருக்கும்."

மறுமுனையில் நாதஸ்வரம்தான் கேட்டது. முதலாளி நிமிர்ந்து பார்க்கிறார் என்று மகுடபதிக்குப் புரிந்தது.

"இன்னும் தெரிஞ்சுதுன்னா ஒருக்கா கண்ணை மூடித் தொறங்க. காங்கேயத்துச் சாவியை நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கறேன்."