தோளுக்கினியாள்

ஆற்றங்கரைப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு நந்தவனம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அலர்மேலம்மா. பூப் பறிப்பார், மாலை கட்டுவார், கேட்டால் பதில் சொல்வார். கேட்காமல் எதையும் சொல்ல மாட்டார். அதனாலேயே ஊரில் சிலர் அவரைக் குருவாக நினைத்தார்கள்.

அப்படி நினைத்தவர்களில் வரதப்பனும் ஒருவர். பெருமாளின் பல்லக்கைத் தோளில் சுமப்பவர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணே என்பார். இதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

வரதப்பனுக்கு நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் செங்கமலம். பெற்ற மூன்றாம் நாள் மனைவி வேதவல்லி கண்ணை மூடினாள். அதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“பிள்ளையைக் கைவிட்டுறாதீங்க.”

அன்றிலிருந்து அவர் குழந்தையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. சாப்பிடும்போது மடியில், தூங்கும்போது மார்பில், மற்ற நேரமெல்லாம் தோளில். பல்லக்குத் தூக்கப் போகும்போது மட்டும் தன் அக்காவின் இடுப்பில் கொடுப்பார். “கீழ விட்டுறாதக்கா” என்று தினமும் சொல்வார். பாவம் அந்த அக்கா, ஒரு வருஷமாக ஒற்றைக் கையால் தாளித்துக்கொண்டிருந்தாள்.

பெருமாள் ஏறும் சின்னப் பல்லக்குக்குத் தோளுக்கினியான் என்று பெயர். தெருவில் குழந்தையைத் தோளுக்கினியாள் என்று கேலி செய்தார்கள். வரதப்பனுக்கு அதில் பெருமைதான்.

பதினான்கு மாதம் ஆயிற்று. குழந்தை தவழவில்லை. உட்கார வைத்தால் சாய்ந்தது. எதையும் எட்டி எடுக்கவும் பார்க்கவில்லை. மருத்துவர் கை காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, உடம்பில் குறை எதுவும் தெரியவில்லை என்றார். மூன்று மாதம் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

அக்கம்பக்கத்தில் அவ்வளவு பொறுமை இல்லை. மந்தம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு சொல் வரதப்பனைச் சாப்பிட விடவில்லை.

குழந்தையோடு நந்தவனத்துக்கு வந்தார். அம்மா பூக்கொட்டகையில் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, இவளுக்குக் கால் வரணும். பாக்குறது புரியணும். புத்தி வரணும். இதுல எது முதல்ல வரும்னு சொல்லுங்க. அது வந்துட்டா மனசைத் தேத்திக்குவேன்.”

அம்மா பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பல்லக்கை முன்னாடி நிக்கிறவங்க முதல்ல தூக்குவீங்களா, பின்னாடி நிக்கிறவங்களா?”

“அப்படித் தூக்குனா பெருமாள் சரிஞ்சுருவாரே. எல்லாரும் ஒரே மூச்சுலதான் தூக்கணும்.”

“ம்” என்றார் அம்மா.

வரதப்பனுக்கு அது பதிலாகவே படவில்லை.

அம்மா ஒரு மரக் கிலுகிலுப்பையை எடுத்துக் குழந்தையின் முன் ஆட்டினார். குழந்தை பார்த்தது. அதன் கண்ணெதிரிலேயே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அதை மூடினார். குழந்தையின் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு பொருள் இருந்ததே இல்லை என்பதுபோல அப்பாவைப் பார்த்தது.

வரதப்பன் பதறிப்போய் கொட்டாங்கச்சியை எடுக்கக் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“இறக்குங்க அண்ணே.”

“எங்க?”

“தரையில.”

வரதப்பன் தோளிலிருந்த துண்டை விரித்தார். அம்மா துண்டை உருவி எடுத்தார்.

“பெருமாள் வீதியில நின்னாக்கூட தண்டுக்கு முட்டுக்கட்டைதாம்மா கொடுப்போம். பல்லக்கைத் தரையில வைக்கிற பழக்கமே இல்ல.”

“இவ பெருமாளா?”

வரதப்பன் குழந்தையை மெல்ல வெறுந்தரையில் உட்கார வைத்தார்.

“தினமும் வாங்க. நான் ஒரு மாலை கட்டி முடிக்கிற வரைக்கும் இவ தரையில இருக்கட்டும்” என்றார் அம்மா.

“என் கை சும்மா இருக்காதும்மா.”

அம்மா ஒரு கட்டு வாழைநாரை அவர் மடியில் போட்டார். “கிழிங்க.”

முதல் நாள் குழந்தை அழுதது. வரதப்பனும் அழுதார். கிழித்த நார் நூலைவிட மெல்லிசாக வந்து எதற்கும் உதவாமல் போயிற்று. மூன்றாம் நாள் குழந்தை மண்ணைத் தின்றது. ஆறாம் நாள் தொலைவில் தெரியும் கோபுரத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது. பக்கத்தில் கிடந்த சாமந்திக்கும் அதே அளவுக்குத்தான் நீட்டியது. சாமந்தி கிடைத்தது. கோபுரம் கிடைக்கவில்லை. அதற்கு வந்த கோபத்தைப் பார்த்து அம்மா சிரித்தார். வரதப்பன் சிரிக்கவில்லை.

நாலாம் வாரம் வயிற்றைத் தேய்த்து நகர்ந்தது. ஆறாம் வாரம் முட்டி போட்டுத் தவழ்ந்தது. தவழ்ந்த வேகத்தில் கொட்டகையின் ஓரத்துக்குப் போய், அங்கே ஒரு படி இறக்கம் இருப்பதே தெரியாமல் காற்றில் கையை வைத்தது. குப்புற விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

வரதப்பன் நாரை வீசிவிட்டுக் குழந்தையை வாரித் தோளில் போட்டார். அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தார். குழந்தை அவர் தோளில் இருந்தது. ஆனால் முன்போலத் துணிமாதிரி தொங்கவில்லை. முழு உடம்பையும் வளைத்துக் கொட்டகைப் பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது.

“ரெண்டு நாளா இதே கதைதான். தோள்ல நிக்கவே மாட்டேங்கிறா. இறங்கணுமாம்” என்றார். குரலில் இன்னும் கோபம் இருந்தது. “திரும்ப விழுந்தா என்ன செய்வீங்க?”

“வடக்கு வீதி முக்குல ஒரு பள்ளம் இருக்குல்ல? அங்க பல்லக்கு ஆடாம எப்படிப் போறீங்க?” என்று கேட்டார் அம்மா.

“தூக்குற எங்களுக்கு அது தெரியாதா? கண்ணை மூடிட்டுக்கூடப் போவோம்.”

“கண்ணை மூடினா எப்படித் தெரியும்?”

“கால் பாத்துக்கும்.”

“காலுக்கு யார் சொன்னது?”

வரதப்பன் தன் வலது முட்டியைத் தடவிக்கொண்டார். அங்கே ஒரு பழைய தழும்பு இருந்தது.

“முத வருஷம் அதுல விழுந்தேன்” என்றார் மெதுவாக.

“அந்தப் பள்ளத்து வழியா இவளும் எத்தனையோ தடவை போயிருக்கா. உங்க தோள்ல. இவளுக்கு அது தெரியுமா?”

வரதப்பன் குழந்தையை இறக்கினார்.

குழந்தை நேரே ஓரத்துக்குத்தான் போயிற்று. வரதப்பன் எழப்போனார். அம்மா அவர் மடியில் இன்னொரு கட்டு நாரை வைத்தார். அவர் கிழிக்கவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஓரத்துக்கு ஒரு முழம் முன்னால் குழந்தை நின்றது. தரையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து தட்டியது. தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்தது. நாக்கால் உதட்டுப் புண்ணைத் தொட்டுக்கொண்டது. அதே இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்து யோசித்தது. பிறகு உடம்பைத் திருப்பிக்கொண்டு, காலை முதலில் தொங்கவிட்டு, வயிற்றால் சறுக்கி இறங்கியது. கீழே போய் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது.

பதினாறு மாதமாக வரதப்பன் அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

“அந்தக் கொட்டாங்கச்சி எங்கம்மா?” என்றார்.

அம்மா கிலுகிலுப்பையை ஆட்டிவிட்டுக் கவிழ்த்து மூடினார். குழந்தை ஒருமுறைகூட அப்பாவைப் பார்க்கவில்லை. படியேறித் தவழ்ந்து வந்து கொட்டாங்கச்சியைத் தள்ளிவிட்டு, கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டியது. பிறகு பெரிய மனசு பண்ணி அப்பாவிடம் நீட்டியது.

“ந்தா” என்றது.

அதுதான் அது பேசிய முதல் சொல். வரதப்பன் வாங்கிக்கொண்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எது முதலில் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நீங்க அன்னைக்குச் சொன்னது இப்பத்தாம்மா புரியுது, பல்லக்கு விஷயம்.”

“ம்” என்றார் அம்மா.

மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் வந்தது. அன்று காலை குழந்தை அவர் அறையின் மேஜைக்காலைப் பிடித்து எழுந்து நின்றது. அவர் பேனாவைப் பையில் ஒளித்தார்; அது பையைப் பிடித்து இழுத்தது. பட்டணத்துக்கு எழுத வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வரதப்பன் அங்கிருந்து நேரே நந்தவனத்துக்கு வந்தார். ஊரே கேட்கும்படி அந்தச் சேதியைச் சொன்னார். அக்கா இப்போது இரண்டு கையாலும் சமைக்கிறாள் என்பதையும் சொன்னார். அதன் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

செங்கமலம் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமந்திப் பாத்தியில் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தது. அவள் விரலை உதறிவிட்டு, தள்ளாடித் தள்ளாடி நாலு எட்டு வைத்துத் தானாகப் போனாள். வரதப்பனின் கை அவள் விட்ட இடத்திலேயே நீண்டிருந்தது.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“போகும்போது வேதவல்லி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. பிள்ளையைக் கைவிட்டுறாதீங்கன்னு. நானும் சரின்னேன். இப்பப் பாருங்க, விட்டுட்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறிட்டனா?”

அம்மா மாலையின் கடைசி முடிச்சைப் போட்டார். நாரைக் கடித்துத் துண்டித்தார்.

“கையைத்தானே விட்டீங்க, அண்ணே. கைவிடலியே.”