மரகதம் வைஃபைப் பெட்டியை மடக்கிக் கேட்ட கதை

ஒரு காலத்துல வெள்ளாத்தூர்னு ஒரு ஊரு, அந்த ஊருக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு அரண்மனை. முன்கட்டுல தும்மினா பின்கட்டுல கேக்காது, அவ்வளவு நீளம். அந்த நீளம் முழுக்க வைஃபை வேணும்னு ராஜா ஆசைப்பட்டு, வாசல்ல ஒரு தாய்ப்பெட்டி, நடுக்கட்டுல ஒரு பிள்ளைப்பெட்டி, பின்கட்டுல ஒரு பிள்ளைப்பெட்டின்னு வாங்கி வச்சாரு. தாய் சொல்றதை நடுப்பிள்ளை வாங்கும், அது சொல்றதைக் கடைசிப்பிள்ளை வாங்கும். சிரிக்காதீங்க, ராஜான்னா வைஃபை வேண்டாமா?

வாங்கினவரு சும்மா இருந்தாரா? நடுப்பெட்டி மேல ஊர்க் கண்ணு பட்டுடும்னு, அதுக்குப் பொட்டு வச்சு, பூ வச்சு, வயருக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டு, நகை வைக்கிற இரும்பு அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு.

ராஜாவோட மருமக பேரு மரகதம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பொண்ணு. அந்த வருஷ மழைல பாலம் அடிச்சிட்டுப் போயிடுச்சு, அந்த நேரம் பாத்து அங்க அவ ஆத்தா காய்ச்சல்ல படுத்துட்டா. போறதுக்கு வழியில்ல. கிழவியோ, "எம் மக மூஞ்சியைப் பாக்காம எனக்குக் கஞ்சி இறங்காது"ன்னு வாயை இறுக்க மூடிக்கிட்டா.

மரகதம் பின்கட்டுல உக்காந்து போன்ல கூப்பிடுவா. படம் வரும், சுத்தும், நின்னுடும். பாதி மூக்கும் ஒரு காதுமாத் தெரிஞ்சா கிழவிக்கு என்ன புரியும்? "யாருடி இவ?"ன்னு கேட்டுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. கஞ்சி ஆறிப் போயிடும்.

மரகதம் ராஜாகிட்ட ஓடினா. பக்கத்துல மந்திரி நல்லதம்பி நின்னுக்கிட்டிருந்தான். பேருதான் நல்லதம்பி!

"மகாராஜா, பெட்டி தாங்குறதுக்கு ஒரு அளவு இருக்கு. போன்ல தட்டினா எரியிற பல்பு, சுத்துற ஃபேன், டிவி, கடிகாரம்னு எல்லாம் அந்த வைஃபைலதான் தொங்குது. கடைசியா வந்து தொங்கினது மருமகளோட போன். அதைக் கழட்டிவிட்டா எல்லாம் சரியாயிடும்"னான்.

"அப்படித்தான் இருக்கும் போலம்மா. கழட்டிடலாமா?"ன்னாரு ராஜா.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுக் குடுங்க. எங்க ஆத்தா என் மூஞ்சியைப் பாக்குற வரைக்கும் நான் விடமாட்டேன்"னா மரகதம்.

அப்புறம் என்ன பண்ணினா? முதல்ல அரண்மனை பல்பையெல்லாம் அணைச்சா. ஆத்தாவைக் கூப்பிட்டா. படம் வந்துச்சு, சுத்துச்சு, நின்னுடுச்சு. "விடமாட்டேன்"னா.

அப்புறம் டிவி, ஃபேன், கடிகாரம், ராஜாவோட போன், ராணியோட போன் எல்லாத்தையும் அணைச்சா. ராணி சீரியல் பாத்துக்கிட்டிருந்தாங்க, "அடிப்பாவி, இப்பத்தான்டி கல்யாணமே நிக்கப்போகுது!"ன்னு கத்தினாங்க. ஆத்தாவைக் கூப்பிட்டா. படம் வந்துச்சு, சுத்துச்சு, நின்னுடுச்சு. "விடமாட்டேன்"னா.

அப்புறம் ராஜாகிட்ட சாவி வாங்கி இரும்பு அலமாரியைத் திறந்தா. "இரும்புக்குள்ள போட்டுப் பூட்டினா இது எப்படி மாமா கூப்பிடும், எப்படிக் காது கேக்கும்?"னு நடுப்பெட்டியை வெளிய எடுத்து உயரமா வச்சா. ஆத்தாவைக் கூப்பிட்டா. முழு மூஞ்சி பளிச்சுன்னு வந்துச்சு. கிழவி கண்ணைச் சுருக்கிப் பாத்தா. பாக்கும்போதே திரும்பச் சுத்த ஆரம்பிச்சு நின்னுடுச்சு.

மரகதத்துக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா அழல. நேரா வாசலுக்குப் போய்த் தாய்ப்பெட்டி முன்னால சம்மணம் போட்டு உக்காந்தா. பெட்டி விளக்கு படபடன்னு கண் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு.

"எல்லாரும் வாயை மூடியாச்சே, அப்போ நீ யாரோட ஓயாமப் பேசுற?"ன்னு கேட்டா.

"அது ஒண்ணுமில்லம்மா, பெட்டி மூச்சு விடுது"ன்னான் மந்திரி. அவனுக்கு நெத்தியெல்லாம் வேர்வை.

"நீங்க சும்மா இருங்க மந்திரியாரே. பெட்டித்தாயி, நீ சொல்லு. உன்னால எத்தனை பேரைத் தாங்க முடியும்?"

அந்தக் காலத்துல கேக்குற விதமாக் கேட்டாப் பெட்டியும் பேசும். அது சொல்லுச்சு: "கண்ணு, நூறு பேர் வந்தாலும் பேரைக் கேட்டு உள்ள விட்டுடுவேன். ஆனா பேசுற வழி ஒண்ணுதான், ஒருத்தர் முடிச்சாத்தான் அடுத்தவர். பல்பு என்ன பேசும்? 'இருக்கேன்'னு சொல்லிட்டுக் கம்முனு கெடக்கும். ஓயாமப் படம் அனுப்புறவன் வந்தா, கொஞ்சப் பேரே போதும், வழி அடைச்சுக்கும்."

"இப்ப அடைச்சுக்கிட்டு நிக்கிறது யாரு?"

"கிளிக்கூண்டுல ஒரு கேமரா, ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால ஒரு கேமரா, ராஜா கட்டிலுக்கு மேல ஒரு கேமரா. எல்லாம் ராப்பகலா மந்திரி வீட்டுக்குப் படம் அனுப்புது."

ராஜாவுக்குக் கண்ணு சிவந்துடுச்சு. "ஏன்டா, நான் தூங்குறதையுமா பாத்த?"

"யாரு என்னைப் பத்திக் கோள் சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் மகாராஜா..."

மரகதம் அவனைக் கண்டுக்கவே இல்ல. கூண்டுல இருந்ததைப் புடுங்கினா, ஜாடிக்குப் பின்னால இருந்ததைப் புடுங்கினா, கட்டில் மேல இருந்ததைப் புடுங்கினா. அப்புறம் பல்பு, ஃபேன், கடிகாரம், டிவி, போனு எல்லாத்தையும் ஒண்ணு விடாமத் திரும்பப் போடச் சொன்னா. அத்தனையும் ஓடும்போதே ஆத்தாவைக் கூப்பிட்டா.

படம் வந்துச்சு. சுத்தல. நிக்கல.

கிழவி உத்துப் பாத்தா. "ஏன்டி மரகதம், இப்படி எளைச்சுப் போயிட்ட? சாப்பிட்டியா?"

"நீ முதல்ல குடி ஆத்தா, நான் பாக்கணும்."

கிழவி எந்திரிச்சு உக்காந்து, மடக் மடக்குன்னு கஞ்சி முழுக்கக் குடிச்சா. மரகதம் அப்பத்தான் அழுதா.

மந்திரிக்கு என்ன ஆச்சுன்னுதானே கேக்குறீங்க? "உனக்குப் பாக்கத்தானே ஆசை? மொட்டமாடில மிளகாயும் வடாமும் காயுது, காக்கா வராம நாள் முழுக்க உன் சொந்தக் கண்ணால பாரு"ன்னு ராஜா அவன் கையில ஒரு குச்சியைக் குடுத்து மேல ஏத்திவிட்டாரு. அவன் வெயில்ல குச்சியை ஆட்டிக்கிட்டே கெடந்தான்.

அதனால, எண்ணிக்கையைப் பாத்து, கடைசியா வந்தவங்களை வெளிய தள்ளாதீங்க. வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறவன் யாருன்னு பாருங்க. கதை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேந்துடுச்சு, இனிமே கொட்டாவி விடலாம்.